கிறிஸ்துமஸ் மாதத்தில் விசுவாசம் நடுவில் இருக்க: திருவருகைக் காலத்தைப் புதிதாகத் தொடங்குவோருக்கு

டிசம்பர் பிறந்ததுமே நம் ஊரில் கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுகிறது. வாசலில் ஸ்டார், கடையில் தள்ளுபடி, ஸ்பீக்கரில் பாட்டு, பள்ளியில் ஒரு விழா, அலுவலகத்தில் ஒரு கேக். 25ஆம் தேதி மதியம் பிரியாணி சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் எல்லாம் முடிந்துபோகிறது. மறுநாள் காலையிலேயே குடிலைக் கழற்றிவிடுகிற வீடுகளும் உண்டு. திருச்சபையின் நாள்காட்டியோ இதற்கு நேர்மாறாக ஓடுகிறது. அங்கே 24 மாலை வரை காத்திருப்பு; கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட அந்த நாள்களுக்குத்தான் திருவருகைக் காலம் என்று பெயர். அதன் பிறகுதான் விழா தொடங்குகிறது, ஜனவரி இரண்டாம் வாரம் வரைகூட நீள்கிறது.

இந்த மாதத்தில் ஆண்டவர் நடுவில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பலரும், எதை விடலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். கேக்கை விடுவதா, சீரியல் லைட்டை விடுவதா என்று கேட்பார்கள். எங்கள் பங்குக் கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: காத்திருக்க வேண்டிய நாள்களில் காத்திருங்கள், கொண்டாட வேண்டிய நாள்களில் குறைவில்லாமல் கொண்டாடுங்கள். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டால் கேக்கும் லைட்டும் தாமாகவே அடங்கிய இடத்தில் போய் நின்றுவிடும்.

அண்மையில் திருமுழுக்குப் பெற்றவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்துக்கு மருமகளாகவோ மருமகனாகவோ வந்தவர்கள், பரம்பரைக் கிறிஸ்தவர்களாக இருந்தும் திருவருகைக் காலம் என்றால் பூசை உடுப்பு ஊதா நிறம் என்பதைத் தாண்டி எதுவும் கேள்விப்படாதவர்கள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். நான் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவள் என்பதால் அந்த வழக்கங்களே முன்னால் வரும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளிலும் அட்வென்ட் என்று இதே நான்கு ஞாயிறுகளைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

1. தேதிகளைக் குறியுங்கள், கடை வேலையை முன்னால் தள்ளுங்கள்

நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். 2026இல் நவம்பர் 29, 2027இல் நவம்பர் 28. 2028இல் டிசம்பர் 3. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறே 24ஆம் தேதி விழுவதால், காலையில் திருவருகைக் காலத் திருப்பலி, அதே இரவில் கிறிஸ்து பிறப்புத் திருப்பலி. மொத்தக் காலம் ஆண்டுக்கு ஆண்டு 22 நாளிலிருந்து 28 நாள் வரை மாறும்.

காலண்டரை எடுத்து நான்கு ஞாயிறுகளையும் வட்டமிடுங்கள். கூடவே டிசம்பர் 6, 17, 24, 26, 28 ஆகிய நாள்களையும், மூன்று ராசாக்கள் திருநாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் வரும்.

அடுத்தது சாதாரண வேலைதான், ஆனால் இதைச் செய்யாவிட்டால் மற்றது எதுவும் நடக்காது. துணி எடுப்பது, வெள்ளையடிப்பது, முந்திரி, திராட்சை, மைதா வாங்குவது ஆகியவற்றை முடிந்தவரை முதல் ஞாயிறுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தையல்காரரிடம் டிசம்பர் 10க்கு மேல் துணி கொடுத்துவிட்டு, 24ஆம் தேதி இரவு அவர் கடை வாசலில் நின்றுகொண்டு மனத்தை ஒருமுகப்படுத்த யாராலும் முடியாது. பலகாரம் மட்டும் கடைசி வாரத்துக்கு இருக்கட்டும். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வீட்டார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து செய்ய வேண்டியவை. செபமாலை சொல்லிக்கொண்டே முந்திரிக்கொத்து உருட்டுகிற வீடுகளை நான் அறிவேன்.

2. தினமும் பத்து நிமிடம், லூக்கா ஓர் அதிகாரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 அன்று முதல் அதிகாரம், 2 அன்று இரண்டாவது. இப்படியே போனால் 24ஆம் தேதி நற்செய்தி முழுவதும் முடிந்துவிடும். தேதியே அதிகார எண் என்பதால் கணக்கு வைக்க வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டையும் சேர்த்துப் படித்து அவதிப்பட வேண்டாம்; அன்றைய தேதிக்கு உரியதைப் படியுங்கள், விட்டது விட்டதுதான்.

எப்படிப் படிப்பது? வீட்டில் ஏற்கெனவே குடும்ப செபம் சொல்லும் நேரம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம். டிவியை அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். ஆளுக்கு ஒரு நாள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். முதல் அதிகாரம் 80 வசனங்கள், நீளம்தான். அன்று மூன்று நான்கு பேர் பிரித்து வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு, எந்த வரி மனத்தில் நின்றது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். விளக்கம் சொல்ல வேண்டாம், வரியைச் சொன்னால் போதும். கடைசியில் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' சொல்லி முடித்துவிடுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டி இருந்தால், அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த திருப்பாடலை அவர்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேதாகமத் தமிழ் கடினமாக இருக்கிறது என்கிற புதியவர்கள் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படி வாசிக்கும்போது ஒன்று நடக்கும். முதல் நாளே பிறப்புக் கதை வந்துவிடாது. குழந்தையில்லாத வயதான தம்பதியான செக்கரியாவும் எலிசபெத்தும்தான் முதலில் வருகிறார்கள். வாக்கை நம்பாமல் செக்கரியா பேச்சிழந்து நிற்கிறார். காத்திருப்பு என்றால் என்ன என்று அந்த வீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாம் அதிகாரத்தில் மரியா குழந்தையைத் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்துகிறார். அப்புறம் மூன்று வாரம் கழித்து, 23ஆம் தேதி 23ஆம் அதிகாரத்தில், அரிமத்தியா யோசேப்பு அதே உடலை மெல்லிய துணியில் சுற்றிக் கல்லறையில் வைக்கிறார். 24 அன்று எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் உயிர்த்த ஆண்டவர் இரண்டு பேரோடு நடக்கிறார். சிலுவையையும் காலியான கல்லறையையும் வாசித்து முடித்த அன்றிரவே கோயிலில் மறுபடி லூக்கா இரண்டாம் அதிகாரத்தைக் கேட்பீர்கள். தொட்டியில் கிடக்கிற பிள்ளை யார், எங்கே போகப்போகிறார் என்று தெரிந்து கேட்பது வேறு அனுபவம். வெறும் 'பாலன் பிறந்தார்' என்பதோடு நின்றுவிடாமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மிகச் சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் முழு அதிகாரம் ஓடாது. அவர்களுக்கு லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் ஐந்தாறு வசனமாகப் பிரித்துக் கதையாகச் சொல்லுங்கள்.

3. நான்கு மெழுகுதிரிகள்

1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் 20 சிறிய சிவப்பு மெழுகுதிரிகளையும் 4 பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும் நட்டு வைத்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகள் தினமும் ஒன்றை ஏற்றிக் கணக்குப் பார்த்தார்கள். அதுதான் நான்கு திரிகளாகச் சுருங்கி, இன்று கத்தோலிக்கக் கோயில்களிலும் நிற்கிற வளையம்.

வீட்டில் செய்ய ஒரு பித்தளைத் தாம்பாளம், ஈர மணல், நான்கு மெழுகுதிரி போதும். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். அந்த நிறத்தில் கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியைச் சுற்றி நிற ரிப்பன் கட்டுங்கள், சுடர் எட்டாத அளவுக்குக் கீழே. சுற்றிலும் மாவிலையோ குரோட்டன்ஸோ வைக்கலாம்; காய்ந்ததும் மாற்றிவிடுங்கள், தீப்பிடிக்கும். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றி, அந்த வாரம் முழுக்கக் குடும்ப செபத்தின்போது அத்தனையையும் எரியவிடுங்கள். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. பாதி வழி தாண்டிவிட்டோம், மகிழுங்கள் என்று திருச்சபை சொல்கிற ஞாயிறு அது.

4. குடிலை ஒரே நாளில் கட்டி முடிக்காதீர்கள்

நம் தென்மாவட்டங்களில் குடில் கட்டுவதில் இருக்கிற உற்சாகம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெயின்ட் அடித்த பழுப்புக் காகிதத்தில் மலை, கண்ணாடியில் குளம், மின்மோட்டாரில் ஓடுகிற ஆறு என்று பையன்கள் தூங்காமல் வேலை பார்ப்பார்கள். அந்த உழைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கட்டுகிற வேகத்தை மட்டும் குறையுங்கள்.

1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் முதன்முதலில் பிறப்புக் காட்சியை அமைத்தபோது, அங்கே இருந்தவை வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். தொட்டிக்கு மேலே திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். போட்டிக்கும் பரிசுக்கும் குடில் கட்டுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். செபம் நடக்காத குடில் எத்தனை அழகாக இருந்தாலும் அதன் வேலையைச் செய்யவில்லை.

முதல் வாரம் இடத்தைச் சுத்தம் செய்து, கொட்டகையையும் தொட்டியையும் மட்டும் வையுங்கள். டிசம்பர் 12 வாக்கில் தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகோ கம்போ விதையுங்கள். தினமும் தண்ணீர் தெளித்தால் 24க்குள் பசும்புல் தயார், தெர்மகோல் வாங்க வேண்டாம். மூன்றாம் வாரம் ஆடுமாடுகளும் இடையர்களும் வரட்டும். மரியாவையும் யோசேப்பையும் அறையின் மறு கோடியில், ஓர் அலமாரி மேலோ சன்னல் திட்டிலோ வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பிள்ளைகள் இதை ஒரு நாள்கூட மறக்க மாட்டார்கள். தொட்டி 24 இரவு வரை காலியாகவே இருக்க வேண்டும். பாலன் சுரூபத்தை, அதாவது குழந்தை இயேசுவின் சிலையை, எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் 'குழந்தையைக் காணோமே' என்று கேட்பார்கள். அப்போது பிள்ளைகளே பதில் சொல்லட்டும்.

அந்தக் காலித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கூடை வைக்கோல் வையுங்கள். யாருக்காவது விட்டுக்கொடுத்த அன்று, உதவி செய்த அன்று, கோபத்தை அடக்கிய அன்று, ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். யார் போட்டார்கள், எதற்காக என்று கேட்கக் கூடாது.

மூன்று ராசாக்கள் என்று நாம் சொல்கிற ஞானிகளை அவசரப்பட்டு உள்ளே கொண்டுவராதீர்கள். அவர்கள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு என்றுதான் 2:11 சொல்கிறது. அவர்களைக் கிழக்குப் பக்கம் எங்காவது நிறுத்தி, மூன்று ராசாக்கள் திருநாளுக்குள் வந்து சேரும்படி நகர்த்துங்கள்.

ஸ்டார் விஷயத்தில் தெருவோடு சண்டை வேண்டாம். ஒன்றாம் தேதியே கட்டிக்கொள்ளுங்கள். மாலையில் சுவிட்ச் போடுகிற பிள்ளை எசாயா 9:2ஐச் சொல்லிவிட்டுப் போடட்டும். இருளில் நடந்த மக்கள் ஒளியைக் கண்ட வசனம் அது.

5. துணிக் கடைக்குப் போகும் முன் தர்மம்

கையில் மிஞ்சியதைக் கொடுப்பது என்று வைத்தால் டிசம்பரில் எதுவும் மிஞ்சாது. போனஸோ சம்பளமோ வந்த அன்றே ஒரு தொகையை எடுத்துத் தனி உறையில் போட்டுவிடுங்கள். அதன் பிறகு கடைக்குப் போங்கள். கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய துணியும் காலாவதியாகப் போகிற பிஸ்கட்டும் தர்மம் ஆகாது. உங்கள் பிள்ளைக்கு எந்தக் கடையில் எடுக்கிறீர்களோ அதே கடையில் இன்னொரு பிள்ளைக்கும் எடுங்கள்; முடிந்தால் அந்தப் பிள்ளையே நிறத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். இல்லையென்றால் பணமாகக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் வீட்டுக்கு எது தேவை என்று அவர்களுக்குத்தான் தெரியும். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாதவர்கள் பங்கில் இருக்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும், வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கிழக்கத்திய வழிபாட்டு முறையைச் சேர்ந்த சீரோ மலபார், சீரோ மலங்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இருப்பது வழக்கம். மீனும் இறைச்சியும் வீட்டில் ஏறாது. இலத்தீன் வழிபாட்டு முறையினருக்கும் மற்ற சபையினருக்கும் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் கறி மீன் தவிர்த்து, அந்தப் பணத்தை அதே உறையில் போடலாம். 25 அன்று இலையில் விழுகிற கறிக்கும் அப்போது ஓர் அர்த்தம் வரும்.

6. கேரல் வரும்போதும், நீங்கள் கேரலுக்குப் போகும்போதும்

வீடு வீடாகப் பாடி வரும் கேரல் குழு உங்கள் வீட்டுக்கு வருகிறது என்றால், கேட்டிலேயே உறையைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டுக் குடிலுக்கு முன் நிற்க வைத்து, ஒரு வசனம் வாசித்துச் செபிக்கச் சொல்லுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் அவர் பெயரைச் சொல்லிச் செபிக்கக் கேளுங்கள். நீங்களே குழுவில் போகிறவர் என்றால் ஒன்று சொல்கிறேன். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் பல குடும்பங்கள் ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அதனாலேயே குழுக்கள் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டாதீர்கள். டிரம்மை வெளியே வைத்துவிட்டு, இரண்டு மூன்று பேர் உள்ளே போய், மெல்லிய பாட்டு ஒன்றைப் பாடி, இறந்தவருக்காகச் செபித்துவிட்டு வாருங்கள். அன்றைய ரவுண்ட்ஸில் இயேசு பிறந்த செய்தி மிகவும் தேவைப்பட்ட வீடு அதுதான்.

பங்கின் சிறு குழுவான அன்பியத்திலோ அபார்ட்மென்டிலோ ஒரு மாலை கூடுகிறவர்களுக்கு ஒன்பது வாசக முறை நன்றாக உதவும். 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918 முதல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் நடந்துவரும் ஆராதனை அது, நம் சி.எஸ்.ஐ. ஆலயங்களின் கேரல் ஆராதனைகள் பலவும் அந்த வடிவத்தில்தான் நடக்கின்றன. தொடக்கநூல் 3இல் ஆதாம் ஒளிந்துகொள்வது, 22இல் ஆபிரகாமுக்கான வாக்கு, எசாயா 9, 11, லூக்கா 1இல் வானதூதர் மரியாவிடம் வருவது, லூக்கா 2இல் பிறப்பும் இடையரும் என இரண்டு வாசகம், மத்தேயு 2, கடைசியாக யோவான் 1. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டு. மேடையும் பேச்சாளரும் தேவைப்படாது, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

7. கிறிஸ்துமஸ் தாத்தாவை என்ன செய்வது?

பிள்ளைகளிடமிருந்து அவரைப் பறிக்க வேண்டியதில்லை. அவருடைய உண்மைக் கதையைச் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மிரா நகரத்தின் ஆயர் நிக்கோலா. வரதட்சிணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில் இரவோடு இரவாக யாருக்கும் தெரியாமல் பணத்தைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். அவருடைய திருநாள் டிசம்பர் 6. அன்றே பிள்ளைகளுக்குச் சின்னப் பரிசு ஒன்றைக் கொடுத்து, அவர்களும் யாருக்காவது பெயர் சொல்லாமல் ஒன்று கொடுக்கும்படி செய்யுங்கள். 25ஆம் தேதி முழுக்கப் பாலனுக்கு விட்டுவிடலாம்.

8. பாவசங்கீர்த்தனமும் 17 முதல் 24 வரையும்

எல்லாப் பங்கிலும் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு நாள் வெளியூர்ச் சாமியார்களும் வந்து பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பார்கள். அறிவிப்பைக் கவனித்து அன்றே போய்விடுங்கள். 24 இரவு வரிசை நீளம். முதல் முறை போகிறவர்கள் பயப்பட வேண்டாம். உள்ளே போனதும் 'சாமி, எனக்கு இது புதிது' என்று சொன்னால் போதும், அவரே வழிநடத்துவார். யாரோடு பேச்சுவார்த்தை இல்லையோ அவருக்கு ஒரு போன் போடுவதும் இந்த வாரத்து வேலைதான்.

டிசம்பர் 17 முதல் 23 வரை திருச்சபை மாலை செபத்தில் ஏழு பழைய பெயர்களால் ஆண்டவரைக் கூப்பிடுகிறது: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. நாளுக்கு ஒரு பெயராக, குடும்ப செபத்தின் முடிவில் 'வாரும்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். இந்த நாள்கள் மார்கழியில் விழுவதால், நம் தெருக்களில் அதிகாலையில் எழுந்து இறைவனைப் பாடுகிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்துக்கே எழுந்து காலைத் திருப்பலிக்குப் போகலாம்.

24 இரவுக்குச் சில குறிப்புகள். நள்ளிரவுத் திருப்பலிக்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் முன்னால் போங்கள். பிள்ளைகளை மாலையில் தூங்க வைத்து எழுப்புங்கள். பனிக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். திருவருகைக் கால ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' கீதம் பாடப்படுவதில்லை. பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர் பாடிய பாட்டில் தொடங்குவதால், அது அந்த இரவுக்காகக் காத்திருக்கிறது. மணிகள் முழங்க அது மறுபடி எழும்போது கவனியுங்கள். விசுவாச அறிக்கையில் இறைமகன் மனிதரான பகுதி வரும்போது அன்று எல்லாரும் முழந்தாளிடுவார்கள், நீங்களும் இடுங்கள். இன்னும் திருமுழுக்குப் பெறாதவர்கள் நற்கருணை வாங்காமல் இடத்திலேயே இருந்து செபிக்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சி.எஸ்.ஐ. சபைகள் பலவற்றில் அதிகாலை ஆராதனைதான் முக்கியம், அங்கே நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள்.

கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கேக்குக்கு முன்னால் குடில். வீட்டில் மிகச் சிறிய பிள்ளை பாலன் சுரூபத்தைத் தொட்டியில் வைக்கட்டும், எல்லாரும் முத்தமிடட்டும். பிறகு வெட்டுங்கள் கேக்கை.

அன்று வேலைக்குப் போகிறவர்களும் நம்மில் உண்டு. நர்ஸ், காவலர், ஓட்டுநர் என்று பலருக்கும் விடுமுறை கிடையாது. வளைகுடா நாடுகளில் 25 வழக்கமான வேலை நாள். வீட்டில் ஒருவர் இல்லாதபோது வீடியோ காலில் அவரையே லூக்கா 2ஐ வாசிக்கச் சொல்லுங்கள்.

9. 25க்குப் பிறகும் விழா

இங்கேதான் நாம் மிகவும் கோட்டை விடுகிறோம். 26 முதல் சமூக ஊடகம் புத்தாண்டுக்குத் தாவிவிடும். நீங்கள் தாவாதீர்கள்.

26ஆம் தேதி, திருச்சபையின் முதல் மறைசாட்சியான ஸ்தேவானின் திருநாள். நம் கடற்கரைக்கு அது 2004இன் சுனாமி நாளும்கூட. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கொளச்சல், மணக்குடி, வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் எங்கும் ஸ்டார் தொங்கிய வீடுகளில்தான் அலை புகுந்தது. கடற்கரைப் பங்குகளில் அன்று நினைவுத் திருப்பலி நடக்கிறது. அருகில் இருந்தால் போய் நில்லுங்கள், இல்லாவிட்டால் குடிலுக்கு முன் இறந்தவர்களுக்காக ஒரு திரி ஏற்றுங்கள். பிறந்த மகிழ்ச்சிக்கு மறுநாளே கண்ணீருக்கும் இடம் உண்டு என்பதைத் திருச்சபை தன் நாள்காட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது.

28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள் திருநாள். அன்று உங்கள் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதியுங்கள். மத்தேயு 2:13-18ஐ வாசியுங்கள். கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைப் பற்றி வாசிக்கும்போது, தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவற்றிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோக இந்த வாரம் மிக நல்லது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்கு வந்த தட்டுகளை அப்படியே திருப்பி நிரப்புங்கள். வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஓடாமல் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

மூன்று ராசாக்கள் திருநாளை உலகின் பல இடங்களில் ஜனவரி 6 அன்று கொண்டாடுகிறார்கள். இந்தியாவில் கத்தோலிக்கர் அதை ஜனவரி 2க்கும் 8க்கும் இடையில் வரும் ஞாயிறுக்கு மாற்றிக்கொள்கிறோம். அன்று ஞானிகள் குடிலுக்குள் வந்துவிடுவார்கள். ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு காலம் முடிகிறது. 2027இல் அது ஜனவரி 10. அன்று மாலை குடிலைக் கழற்றலாம். புல்லையும் வைக்கோலையும் பக்கத்தில் மாடு இருந்தால் அதற்குப் போடுங்கள்.

20ஆம் தேதி வாக்கில்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றாலும் ஒன்றும் போய்விடவில்லை. லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களை மீதி நாள்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். குடிலில் பாலன் ஏற்கெனவே இருந்தால் இன்றே எடுத்து உள்ளே வையுங்கள். ஒரு உறை, ஒரு பாவசங்கீர்த்தனம், துக்க வீடு ஒன்றுக்கு ஒரு நடை. 25க்கு அப்புறம் உள்ள நாள்கள் அப்படியே முழுசாக இருக்கின்றன; அவற்றிலிருந்து தொடங்குங்கள்.